டிக்டாக் தடைகளும் தரவுப் பொறியாளர்களும்

டிக்டாக் செயலிக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விதிக்கப்பட்ட தடைகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை தடை விதித்த அரசுகளைப் பற்றியோ, வருமானத்தையும் புகழையும் ஒரே இரவில் இழந்த காணொளிக் கலைஞர்களைப் பற்றியோ பேசுகின்றன. இவ்விரு தரப்பிலும் சேராத ஒரு தொழிற்பிரிவினர் இந்த வரலாறு முழுவதிலும் இருந்துள்ளனர். அவர்கள் தரவுப் பொறியாளர்கள். இரு நாடுகளும் தடைக்குக் கூறிய முதன்மைக் காரணம் காணொளிகளின் தரமன்று, தரவு. பயனர்களின் தரவு எந்த நாட்டில் உள்ளது, யார் அதைப் பார்க்க முடியும், பார்த்தவர் யார் என்பவையே கேள்விகள். அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் எழுப்பிய இக்கேள்விகளுக்கு உண்மையான விடை தரவுப் பொறியாளர்களின் பதிவேடுகளில்தான் இருந்தது. பல சமயங்களில் அங்கும் முழுமையாக இல்லை.

தரவுப் பொறியாளரின் பணி

ஒரு சமூக ஊடகச் செயலியில் பயனர் ஒரு காணொளியைப் பாதியில் நகர்த்தி விடுவது, திரும்பப் பார்ப்பது, விருப்பக்குறி இடுவது என ஒவ்வொரு செயலும் ஒரு நிகழ்வாகப் பதிவாகிறது. இந்நிகழ்வுகளைச் சேகரித்து, ஒழுங்குபடுத்தி, சேமிப்பகங்களுக்கும் பரிந்துரை நிரல்களுக்கும் கொண்டு சேர்க்கும் தொடர் அமைப்பைத் தொழில் வழக்கில் 'பைப்லைன்' என்பர். அதைக் கட்டுவதும் பழுதின்றி ஓட்டுவதும் தரவுப் பொறியாளரின் வேலை. பரிந்துரை நிரலை எழுதுபவர் வேறு, அந்நிரலுக்குத் தீனி போடுபவர் வேறு. தரவுப் பொறியாளர் இரண்டாமவர்.

டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸின் பொறியாளர்கள் 2022-இல் 'மோனோலித்' என்னும் பரிந்துரை அமைப்பை விவரித்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். பயனரின் செயல்கள் ஒரு காஃப்கா வரிசையிலும், அச்செயலுக்கு முன் அவருக்குக் காட்டப்பட்டவற்றின் விவரங்கள் மற்றொரு வரிசையிலும் வந்து சேரும். ஃப்ளிங்க் என்னும் மென்பொருள் இரண்டையும் பொருத்தி நிரலுக்குப் பயிற்சித் தரவாக மாற்றும். ஒரு பரிந்துரையைக் கண்ட பயனர் சில நாட்கள் கழித்தும் அதன்மேல் செயல்படக் கூடும் என்பதால், பழைய விவரங்களை வட்டில் சேமித்து வைத்துக் காத்திருக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. நிரல் கற்றுக்கொண்டது நிமிடக் கணக்கில் பயனருக்குக் காட்டும் பகுதிக்குச் சென்று சேர்ந்துவிடும். நெடுநாள் செயல்படாத பயனர்களின் குறியீடுகள் காலாவதியாகி நினைவகத்திலிருந்து நீங்கிவிடும்.

இந்தக் கடைசி வசதி நினைவகத்தைச் சேமிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரு நாடு முழுவதும் ஒரே நாளில் 'செயல்படாத பயனர்' ஆகும் நிலையை மனத்தில் வைத்து எந்தப் பொறியாளரும் இத்தகைய அமைப்பை வடிவமைப்பதில்லை.

மதுரைக் கிளையின் ஆணை, 2019

டிக்டாக்கின் தடை வரலாறு இந்தியாவில் தொடங்கியது மதுரையில். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று, டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்குமாறு மத்திய அரசுக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆபாசமான உள்ளடக்கமும் சிறார்களின் பாதுகாப்பும் அவ்வழக்கின் பொருள். ஏப்ரல் நடுப்பகுதியில் கூகுளும் ஆப்பிளும் தத்தம் செயலிக் கடைகளிலிருந்து டிக்டாக்கை நீக்கின. ஏற்கெனவே கைப்பேசியில் நிறுவியிருந்தவர்களுக்குச் செயலி தொடர்ந்து இயங்கியது. புதியவர்கள் மட்டும் உள்ளே வர இயலவில்லை.

தடையால் நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் வரை இழப்பு ஏற்படுவதாகவும், 250-க்கும் மேற்பட்ட வேலைகள் ஆபத்தில் இருப்பதாகவும் பைட்டான்ஸ் நீதிமன்றத்தில் தெரிவித்தது. விதிமீறிய 60 லட்சம் காணொளிகளை நீக்கியதாகவும் நிறுவனம் கூறியது. ஏப்ரல் 24 அன்று அதே மதுரைக் கிளை தடையை விலக்கியது.

மூன்று வாரத் தடை என்பதால் இது பின்னாளில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. ஆனால் தரவின் பார்வையில் அது பின்னர் வந்ததிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. நீதிமன்றம் கேட்டது உள்ளடக்கத்தைப் பற்றி. அதற்கு எத்தனை காணொளிகள் நீக்கப்பட்டன என்ற எண்ணைக் காட்ட முடிந்தது. தரவு எங்கே இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அக்கேள்வி மூன்று மாதங்களில் வந்தது. 2019 ஜூலையில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் டிக்டாக்குக்கும் பைட்டான்ஸின் மற்றொரு செயலியான ஹெலோவுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பியது. இந்தியப் பயனர்களின் தரவு அதுவரை அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தரவு மையங்களில் சேமிக்கப்பட்டு வந்தது. இந்தியாவில் தரவு மையம் அமைக்கப் போவதாக நிறுவனம் அம்மாதமே அறிவித்தது. அத்திட்டம் நிறைவேறும் முன்பே செயலி நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

2020 ஜூன் 29

2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். இரண்டு வாரங்களுக்குப் பின், ஜூன் 29 இரவு, டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவும், 2009-இல் வகுக்கப்பட்ட தடுப்பு விதிகளில் உள்ள அவசரகால அதிகாரமும் பயன்படுத்தப்பட்டன. பயனர்களின் தரவை இந்தியாவுக்கு வெளியே உள்ள வழங்கிகளுக்கு அனுமதியின்றி மறைமுகமாக அனுப்புவதாகப் புகார்கள் வந்துள்ளன என்பது அரசு அறிவிப்பில் கூறப்பட்ட காரணம். இந்தியப் பயனர்களின் தகவலை எந்த வெளிநாட்டு அரசுக்கும் தரவில்லை என நிறுவனம் மறுத்தது. அப்போது இந்தியாவில் டிக்டாக்குக்கு ஏறத்தாழ 20 கோடிப் பயனர்கள் இருந்தனர். சீனாவுக்கு வெளியே அதன் மிகப் பெரிய சந்தை இந்தியாவே.

இம்முறை கடைகளிலிருந்து நீக்குவதோடு நிற்கவில்லை. இணையச் சேவை நிறுவனங்களின் மட்டத்திலேயே இணைப்பு தடுக்கப்பட்டது. இதன் விளைவைத் தரவுப் பொறியியல் தெரிந்தவர் எளிதில் ஊகிக்கலாம். கண்காணிப்புத் திரைகளில் ஒரு நாட்டின் வரைகோடு செங்குத்தாகச் சரிகிறது. பழுது ஏற்பட்டதாக எண்ணி எச்சரிக்கைகள் ஒலிக்கின்றன. அது பழுதல்ல என்பதை நிரல் அறியாது. அன்றாடப் பயனர் எண்ணிக்கை, சென்ற ஆண்டோடு ஒப்பீடு, விளம்பரக் கணக்கு, முன்கணிப்பு என அந்நாட்டின் எண்ணைக் கூட்டிக் கணக்கிட்ட ஒவ்வோர் அறிக்கையும் பிழையாகிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, நாட்டைப் பிரித்தெடுத்து மறுபடி எழுத வேண்டும். தமிழ், இந்தி, தெலுங்கு முதலிய மொழிகளின் பேச்சையும் இசையையும் அடையாளம் காணும் நிரல்களுக்கு வந்துகொண்டிருந்த புதிய தரவும் அன்றோடு வற்றிவிடுகிறது.

தடைக்குப் பின் 70-க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடையளிக்குமாறு அரசு நிறுவனங்களிடம் கோரியது. அரசு அவ்விடைகளில் நிறைவடையவில்லை. 2021 ஜனவரியில் தடை நிரந்தரமாக்கப்பட்டது. அம்மாத இறுதியில் பைட்டான்ஸ் தன் இந்தியப் பணியாளர்களைப் பெருமளவு குறைப்பதாக அறிவித்தது. நாட்டில் அதற்கு 2,000-க்கும் மேற்பட்ட பணியாளர்கள் இருந்தனர். அவர்களுள் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்போர், விற்பனைப் பிரிவினர், பொறியாளர் அனைவரும் அடங்குவர்.

இதில் ஒரு முரண் உண்டு. செயலி தடை செய்யப்பட்டதே தவிர, அதற்காக இந்தியாவில் அமர்ந்து வேலை செய்வது தடை செய்யப்படவில்லை. எஞ்சியிருந்த சிறு குழுவினர் பிரேசில், துபாய் சந்தைகளுக்கான பணிகளைச் செய்து வந்தனர். சுமார் 40 பேர் கொண்ட அக்குழுவும் 2023 பிப்ரவரியில் கலைக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. தாங்கள் தம் கைப்பேசியில் திறந்து பார்க்க இயலாத ஒரு செயலிக்காக அவர்கள் ஈராண்டுகளுக்கும் மேல் உழைத்துள்ளனர்.

வெற்றிடமும் புதிய வேலைகளும்

ஒரு வாயில் அடைபட்டபோது பல திறந்தன. பெங்களூருவைச் சேர்ந்த ஷேர்சாட் நிறுவனம் தடை வந்த சில நாட்களிலேயே 'மோஜ்' செயலியை வெளியிட்டது. தொடக்கப் பதிப்பு 30 மணி நேரத்தில் உருவாக்கப்பட்டதாக நிறுவனம் கூறியது. டெய்லிஹன்ட்டின் தாய் நிறுவனமான வெர்ஸே 'ஜோஷ்' செயலியையும், எம்எக்ஸ் பிளேயர் 'டகாடக்' செயலியையும் 2020 ஜூலையில் கொண்டுவந்தன. இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் வசதியை அதே ஜூலையில் இந்தியாவுக்கு அளித்தது. யூடியூப் ஷார்ட்ஸ் சோதனைப் பதிப்பு செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் வெளியானது.

செயலியின் முகப்பை 30 மணி நேரத்தில் எழுதிவிட முடியும். பின்புலத்தில் இயங்கும் தரவுக் கட்டமைப்பை அவ்வாறு எழுத முடியாது. டிக்டாக்கின் வலிமை காணொளியைப் படம்பிடிக்கும் வசதியில் இல்லை, அடுத்து எதைக் காட்டுவது என்பதை நொடிக்கு நொடி கற்றுக்கொண்ட பரிந்துரையில் இருந்தது. அதற்குப் பல ஆண்டுகளின் நிகழ்வுத் தரவு தேவை. புதிய செயலிகளிடம் பயனர் கூட்டம் வந்துவிட்டது, அவர்களைப் பற்றிய தரவு வரவில்லை. முன்பின் அறியாதவருக்கு எதைப் பரிந்துரைப்பது என்னும் இச்சிக்கலைத் துறையில் 'கோல்ட் ஸ்டார்ட்' என்பர். வழக்கமாக ஒரு செயலி வளர வளரச் சிறிது சிறிதாகச் சந்திக்கும் அச்சிக்கலைக் கோடிக்கணக்கான பயனர்களோடு ஒரே வாரத்தில் சந்திக்க நேர்ந்தது இந்தியப் பொறியாளர்களுக்கு. பல இந்திய மொழிகளில் அதைச் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைவாய்ப்பு நிலைக்கவில்லை. கூகுளும் மெட்டாவும் ஏற்கெனவே தம்மிடம் இருந்த தரவோடு களத்தில் நின்றன. 2022 பிப்ரவரியில் டகாடக்கை ஷேர்சாட் வாங்கியது. 2023 ஜனவரியில் ஷேர்சாட் தன் பணியாளர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை நீக்கியது. தடை உள்நாட்டு நிறுவனங்களை வாழவைத்தது என்ற பரவலான கூற்று முதல் ஈராண்டுக்கு மட்டுமே பொருந்துகிறது.

எஞ்சிய தரவு

தடை ஆணை தரவின் வரவை நிறுத்தியது. ஏற்கெனவே சென்றுவிட்ட தரவை என்ன செய்வது என்பது பற்றிப் பொது அறிவிப்பில் ஒன்றும் இல்லை. 69ஏ பிரிவு தகவலைப் பொதுமக்கள் அணுகாமல் தடுப்பதற்கானது, சேமித்த தரவை அழிக்கச் சொல்வதற்கானதன்று. அன்று இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இல்லை. 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. தற்போதைய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில்தான் நிறைவேறியது.

இதன் விளைவு 2023 மார்ச்சில் வெளிப்பட்டது. தடைக்கு முன் செயலியைப் பயன்படுத்திய இந்தியர்களின் தரவை நிறுவனத்தின் பணியாளர்கள் இன்னும் அணுக முடிவதாக அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் இதழ் செய்தி வெளியிட்டது. தரவைக் காப்பதற்காக விதிக்கப்பட்ட தடை, அத்தரவை மூன்றாண்டுகள் தொடாமலே விட்டிருந்தது.

ஒரு கணக்கை அழிப்பது என்பது ஒரு வரியை நீக்குவதன்று. பெரிய நிறுவனங்களில் ஒரே பயனரின் தடம் மூல நிகழ்வுப் பதிவுகளிலும், அவற்றிலிருந்து உருவான சுருக்க அட்டவணைகளிலும், காப்புப் பிரதிகளிலும், பகுப்பாய்வாளர்கள் தமக்கென எடுத்துவைத்த நகல்களிலும் சிதறிக் கிடக்கும். எந்த அட்டவணை எதிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளிப் பதிவு சரியாக இருந்தால்தான் அனைத்தையும் கண்டறிய முடியும். யாரேனும் கட்டாயப்படுத்தினாலன்றி நிறுவனங்கள் இப்பணிக்கு ஆள் ஒதுக்குவது அரிது. பயனர்களின் பக்கத்திலும் இழப்பு இருந்தது. தம் காணொளிகளை முன்கூட்டியே சேமித்து வைக்காத பலருக்கு அவற்றைத் திரும்பப் பெற வழியில்லாமல் போனது.

டெக்சாஸ் திட்டம்

அமெரிக்காவில் நிகழ்ந்தது நேர்மாறானது. அங்குத் தடை வருமுன் நீண்ட பேரம் நடந்தது. அந்தப் பேரத்தின் பொருளே தரவுக் கட்டமைப்புதான்.

2020 ஆகஸ்டில் அன்றைய குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் பிறப்பித்த தடை ஆணைகளை நீதிமன்றங்கள் நிறுத்தி வைத்தன. 2021 ஜூனில் ஜோ பைடன் அவற்றை விலக்கிக்கொண்டார். ஆயினும் அயல்நாட்டு முதலீடுகளை ஆராயும் அமெரிக்க அரசுக் குழுவின் விசாரணை தொடர்ந்தது. அக்குழுவை நிறைவு செய்யும் பொருட்டு நிறுவனம் வகுத்த ஏற்பாடு 'டெக்சாஸ் திட்டம்' எனப் பெயர் பெற்றது. அமெரிக்கப் பயனர்களின் தரவை ஆரக்கிள் நிறுவனத்தின் மேகக் கட்டமைப்பில் தனித்து வைப்பதும், அதை அமெரிக்காவில் உள்ள தனிப்பிரிவின் பணியாளர்கள் மட்டுமே அணுகுவதும், மூல நிரலை ஆரக்கிள் சோதிப்பதும் அதன் கூறுகள். செலவு ஏறத்தாழ 150 கோடி டாலர் என்று நிறுவனம் கூறியது.

அமெரிக்கப் பயனர்களின் இணையப் போக்குவரத்து முழுவதும் ஆரக்கிளுக்கு மாற்றப்பட்டுவிட்டதாக 2022 ஜூன் 17 அன்று டிக்டாக் அறிவித்தது. அதே நாளில் பஸ்ஃபீட் செய்தித்தளம் நிறுவனத்தின் 80 உட்கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு ஒரு செய்தி வெளியிட்டது. சீனாவில் உள்ள பொறியாளர்கள் அமெரிக்கத் தரவைப் பலமுறை அணுகினர் என்பதே அச்செய்தி. தரவு எங்கே இருக்கிறது என்பதும் யார் பார்க்கிறார் என்பதும் வெவ்வேறு கேள்விகள் எனப் பொதுமக்களுக்குப் புரியவைத்த நாள் அது. வர்ஜீனியாவில் உள்ள வழங்கியைப் பெய்ஜிங்கிலிருந்து திறக்க அனுமதி இருந்தால், வழங்கி வர்ஜீனியாவில் இருப்பதால் பயன் என்ன? செய்தி கசிந்ததைக் கண்டறிய முயன்ற சில பணியாளர்கள் பத்திரிகையாளர்களின் தரவையே அணுகினர் என்பதை 2022 டிசம்பரில் பைட்டான்ஸ் ஒப்புக்கொண்டு நால்வரைப் பணிநீக்கம் செய்தது. அந்நால்வரில் சிலர் சீனாவிலும் சிலர் அமெரிக்காவிலும் இருந்தவர்கள்.

உலகம் முழுவதற்கும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஓர் அமைப்பை நாட்டு எல்லையில் வெட்டுவது எளிதன்று. ஓர் இந்தோனேசியர் வெளியிட்ட காணொளிக்கு ஓர் அமெரிக்கர் விருப்பக்குறி இட்டால் அந்நிகழ்வு எந்த நாட்டுக்கு உரியது? இத்தகைய ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும். பழைய தரவை வர்ஜீனியா, சிங்கப்பூர் மையங்களிலிருந்து அழிக்கும் பணி 2023 மார்ச்சில் தொடங்கியது.

இருளில் ஒரு நாள்

இத்தனை உழைப்பும் அரசை நிறைவு செய்யவில்லை. 2024 ஏப்ரல் 24 அன்று, டிக்டாக்கின் அமெரிக்கப் பிரிவைப் பைட்டான்ஸ் விற்க வேண்டும் அல்லது தடையை ஏற்க வேண்டும் என்னும் சட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார். அச்சட்டத்தில் பொறியாளர்கள் கவனித்த மூன்று கூறுகள் உண்டு. தடைக்குப் பின்னும் செயலிக்கு இடமளிக்கும் கடைகளுக்கும் வழங்கி நிறுவனங்களுக்கும் பயனர் ஒருவருக்கு 5,000 டாலர் வரை அபராதம். விற்ற பின், பரிந்துரை நிரலை இயக்குவதிலோ தரவைப் பகிர்வதிலோ பழைய உரிமையாளரோடு உறவு கூடாது. தடை நடைமுறைக்கு வருமுன் கேட்கும் பயனர்களுக்கு அவர்களின் காணொளிகள் உள்ளிட்ட தரவைக் கணினி படிக்கும் வடிவில் கொடுத்துவிட வேண்டும். இந்தியப் பயனர்களுக்கு 2020-இல் கிடைக்காத உரிமை இந்த மூன்றாவது.

2025 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஒருமனதாக உறுதி செய்தது. மறுநாள் இரவு 17 கோடி அமெரிக்கப் பயனர்களுக்குச் செயலி அணைந்தது. முதல் கூறில் உள்ள அபராதக் கணக்கைப் பெருக்கிப் பார்த்தால், சேவை தரும் நிறுவனங்கள் ஏன் அன்று துணியவில்லை என்பது விளங்கும். தடையை உடனே செயல்படுத்தப் போவதில்லை என்று பதவியேற்கவிருந்த டிரம்ப் உறுதியளித்ததும், ஜனவரி 19 அன்றே சேவை திரும்பியது. செயலிக் கடைகளில் அது மீண்டும் இடம்பெற்றது பிப்ரவரி 13 அன்று.

ஐரோப்பாவில் இதே காலத்தில் நடந்தது தடையில்லை எனினும் குறிப்பிடத்தக்கது. ஐரோப்பியர்களின் தரவு சீனாவில் சேமிக்கப்படவில்லை என்று அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் டிக்டாக் கூறி வந்தது. ஆனால் ஒரு சிறு பகுதி சீன வழங்கிகளில் இருந்ததைத் தானே 2025 பிப்ரவரியில் கண்டறிந்ததாகவும், அதை அழித்துவிட்டதாகவும் பின்னர் தெரிவித்தது. மே மாதம் ஆணையம் 53 கோடி யூரோ அபராதம் விதித்தது. தன் தரவு எங்கே இருக்கிறது என்பது தனக்கே தெரியாதிருந்ததாக ஒரு பெருநிறுவனம் ஒப்புக்கொண்ட அரிய நிகழ்வு இது.

பிரிப்பும் மறுபயிற்சியும்

அமெரிக்க வழக்கு தடையில் முடியாமல் பிரிப்பில் முடிந்தது. 2026 ஜனவரி 22 அன்று புதிய கூட்டு நிறுவனம் செயல்படத் தொடங்கியது. ஆரக்கிள், சில்வர் லேக், எம்ஜிஎக்ஸ் ஆகியவை தலா 15 விழுக்காடு பங்கு பெற்றன. பைட்டான்ஸிடம் 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக எஞ்சியது. அமெரிக்கப் பயனர்களின் தரவை ஆரக்கிளின் கட்டமைப்பில் காப்பதும், பரிந்துரை நிரலை அத்தரவை மட்டும் கொண்டு மறுபடி பயிற்றுவிப்பதும் புதிய நிறுவனத்தின் பொறுப்புகள். இந்தியாவில் டிக்டாக் மீதான தடை இன்னும் நீடிக்கிறது.